முன்விரோதம் ஏதும் இல்லை

மாயவனின் மகள் செந்தாமரை போன் செய்தபோது நான் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் திருக்கோவிலூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். பத்தொன்பது வருடம் அவர் எங்கே போனாலும் என் வண்டியில்தான் போனார். எனக்குத் தெரியாமல் அவர் ஓரிடத்துக்குக் கிளம்புவார் என்பது மனதில் ஏறவில்லை. காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். வயது எழுபத்தெட்டு. யாருக்கும் தொந்தரவு தராத சாவு என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் மாயவனை இந்தப் படத்திறப்பு மலரைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவருடைய விசிலைப் பற்றியும், காதில் செருகிய பென்சிலைப் பற்றியும், வண்டி மலையேறி முடிப்பதற்குள் உள்ளே இருக்கிற அத்தனை பேர் வீட்டுச் சேதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுகிற சாமர்த்தியத்தைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதியிருப்பார்கள். கன்னத்தில் விழுந்த ஒரே ஓர் அடிக்காக அவர் இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிடிவாதக்காரர் என்று அப்போது டெப்போவில் பேசிக்கொண்டோம். அந்த வழக்கில் நான் சாட்சி. ஆகவே அந்தக் கதையை எழுத வேண்டியவனும் நான்தான்.

நாங்கள் ஓட்டியது மலை வண்டி. கள்ளக்குறிச்சியில் விடிகாலையில் எடுத்தால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்குப் பிறகு வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலை, கரியாலூர். ஏறும்போது வாத்தியார்களும் நர்சம்மாவும் வருவார்கள். இறங்கும்போது தேனும் கடுக்காயும் சாமையும் வரும், பருவத்தில் பலா வரும். மழைக்காலத்தில் மேகம் சாலைமேல் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல ஒன்றுமே தெரியாது. அந்த மாதிரி நாட்களில் மாயவன் இறங்கி, சாலையின் ஓரத்தைக் காலால் தடவியபடி வண்டிக்கு முன்னால் நடப்பார். அவர் ஊதுகிற விசிலைக் காதில் பிடித்துக்கொண்டு நான் ஓட்டுவேன். ஒருமுறை அப்படி நாலு வளைவு ஏறி மேலே வந்ததும், பின்சீட்டில் இருந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர், இதில் டிரைவர் யார், முன்னால் நடந்தவரா என்று கேட்டார். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் மாயவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த ஈரக் காற்றும், பலாப்பழ வாசனையும், விசில் சத்தமும் என் ஆயுளின் நல்ல பகுதி.

அவர் என்னை 'டிரைவரே' என்று கூப்பிடுவார், 'நீங்க' என்பார். நான் அவரை 'மாயவா' என்பேன், 'நீ' என்பேன். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் அவர் காலனிக்காரர், நான் ஊர்த்தெருக்காரன். வேறு காரணம் கிடையாது. அப்படி ஒரு காரணம் இருப்பதுகூட அந்த நாட்களில் என் கண்ணில் பட்டதில்லை.

வழக்குக்குப் போகுமுன் பொன்னுசாமியின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் மலையில் மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பலாப்பழம் இறக்குகிறவர். ஒரு நாள் வெள்ளிமலையில் கூட்டம் பிதுங்குகிற வண்டியில் ஐந்தாறு மூட்டை பழத்தை ஏற்றப் பார்த்தார். இடமில்லை என்றார் மாயவன். பொன்னுசாமி கேட்கவில்லை. மாயவனுக்கும் அன்றைக்கு வாய் நீண்டுவிட்டது. என்னவோ சொல்லிவிட்டு ஒரு மூட்டையைக் காலால் தள்ள, பழம் உருண்டு கீழே விழுந்து பிளந்தது. பொன்னுசாமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாயவன் படியிலிருந்து விழுந்தார், இடது மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் புகார் ஏதும் இல்லை என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் பொன்னுசாமி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இன்னாத்துக்கு இப்பிடி நிக்கறீங்க? நானும் பேசினேன், நீங்களும் இழுத்தீங்க. உக்காருங்க" என்றார் மாயவன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் முதல் பழம் மாயவன் வீட்டுக்கு வந்தது. செந்தாமரை கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களில் பொன்னுசாமியும் ஒருவர். மழை வந்தால் மணிக்கட்டு வலிக்கும். அப்போதெல்லாம் "பலாப்பழம் கூப்புடுது" என்பார், அவ்வளவுதான்.

பிறகு இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் சமூகத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்ட போராட்டம். நான் அதில் மனதார இருந்தவன். என் அப்பா கைநாட்டு. நான் எட்டாம் வகுப்பு. என் மகனாவது படித்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. மாயவனிடமே ஒரு நாள் கேட்டேன், நாங்கள் கேட்பது தப்பா என்று. அவர் யோசிக்கக்கூட இல்லை. தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தது எப்படி நியாயமோ அப்படி இதுவும் நியாயம் என்றார்.

மறியல் தொடங்கியதும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ்கள் நின்றன. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கி வந்த மலைமக்கள் நாலு நாளாகப் பஸ் நிலையத்திலேயே கிடந்தார்கள். கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஐந்தாம் நாள் சாலை ஓரளவு திறந்திருக்கிறது, விருப்பமிருந்தால் ஒரு நடை போகலாம் என்று டெப்போவில் சொன்னார்கள். எனக்கு இஷ்டமில்லை. மாயவன்தான் அந்தக் குழந்தைகளைக் காட்டி, போய்விட்டு வந்துவிடலாம் என்று என்னைக் கிளப்பினார்.

மலையடிவாரத்துக்கு முன்னால் ஒரு கூட்டு ரோட்டில் மரம் கிடந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள் மாதிரி. என்னை மரியாதையாக இறக்கி, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் டீயும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் போனால் மரத்தை நகர்த்தி விட்டுவிடுவோம் என்றார்கள். அப்படித்தான் நடக்கும் என்று நானும் நம்பினேன். அப்போது செல்வராசு என்கிறவன் மாயவனிடம் போனான். என் மனைவி பிறந்த ஊர்க்காரன். முப்பது வயது இருக்கும். என்னிடம் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டான், எந்த ஊர் என்று. மாயவன் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஊருலயா, காலனியா?"

"காலனிதாங்க."

அடி விழுந்தது. ஒரே அடி. பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மாயவன் கன்னத்தைத் தொடவில்லை, அவனையே பார்த்தபடி நின்றார். அவன் சொன்னான், சத்தம்கூடப் போடாமல்: "ஒனக்குனு இல்லடா. ஒங்க ஆளு எவன் வந்திருந்தாலும் இதான்."

டீ என் கையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் வந்து செல்வராசுவை இழுத்துக்கொண்டு போனார்கள், மரத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். மலைமக்களை வெள்ளிமலையில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். வழி முழுக்க விசில் மட்டும் சரியாக வந்தது. நிறுத்தத்துக்கு ஒன்று, கிளம்ப இரண்டு.

திரும்பும் வழியிலேயே ஸ்டேஷனில் நிறுத்தச் சொன்னார். அங்கே எழுத்தர் வேலை பார்த்த ஏட்டு, மாயவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாளில் எழுதி நீட்டினார். மாயவன் நின்றபடியே படித்தார். 'முன்விரோதம் காரணமாக' என்று தொடங்கியிருந்தது. எல்லா அடிதடிப் புகாரும் அப்படித்தான் தொடங்கும், எழுதியவருக்கு அது வெறும் பழக்கம். மாயவன் கையெழுத்துப் போட மறுத்தார்.

"எனக்கும் அவனுக்கும் இன்னாங்க விரோதம்? அந்த ஆள நான் இன்னிக்கித்தான் பாக்கறேன். என் பேரு கூட அவனுக்குத் தெரியாது."

ஏட்டு அலுத்துக்கொண்டார். காரணத்தை அப்படியே எழுதினால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும், ஊர் கொதிக்கிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அடித்தான் என்று எழுதியாகிவிட்டது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று நானும் சொன்னேன். மாயவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவன் கேட்டது, தான் சொன்னது, அடி, அதன்பிறகு அவன் சொன்னது என்று வரிசையாக எழுதினார். கடைசியில், 'எனக்கும் மேற்படி நபருக்கும் முன்விரோதம் ஏதும் இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டார். அந்தத் தாளைத்தான் கொடுத்தார். வேறு வழியில்லாமல் அதை வாங்கிக்கொண்டார்கள்.

மறுவாரம் போலீஸ் என்னையும் விசாரித்தது. அதற்கு முந்தின நாள் என் மாமனார் வழிப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மிரட்டவில்லை, நல்ல விதமாகத்தான் பேசினார்கள். நம் பிள்ளைகளின் படிப்புக்காக நடக்கிற போராட்டம், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதைக் காட்டியே நம் எல்லோரையும் வெறியர்கள் என்பார்கள், அடித்ததைப் பார்த்தேன் என்று சொல், பொய் சொல்ல வேண்டாம், கேட்டதை மட்டும் விட்டுவிடு என்றார்கள். நான் அப்படியே சொன்னேன். அடித்ததைப் பார்த்தேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சு காதில் விழவில்லை என்றேன்.

மாயவன் அதைப் பற்றி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றாகத்தான் டியூட்டி பார்த்தோம். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கோமுகி அணைப் பக்கம் டயர் பஞ்சராகி நின்றபோது நானே ஆரம்பித்தேன். கை ஒடிந்ததற்குப் புகார் கொடுக்காதவன் ஓர் அறைக்கு இவ்வளவு தூரம் போகலாமா, எது பெரிய காயம் என்று கேட்டேன். அவர் ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பொன்னுசாமி என்னை அடிச்சாரு, டிரைவரே. நான் பண்ணதுக்கு என்னை அடிச்சாரு. இவன் என்னை அடிக்கலியே. என் எடத்துல நீங்க ஒரு கல்ல வெச்சி, அது காலனிக் கல்லுன்னு சொல்லியிருந்தா அதையும் அடிச்சிருப்பான்."

மனசுக்குள் இருப்பதற்கெல்லாம் கோர்ட்டு தண்டனை கொடுக்க முடியுமா என்றேன். அவன் மனதிலேயே வைத்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன், அது கைக்கு வந்துவிட்டதே என்றார். பிறகு ஜாக்கியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கை ஒடஞ்சப்ப எங்க தெருவுல எவனும் பயப்படல. பாவம்னு வந்து பாத்தாங்க. இந்த அடி வுழுந்த அன்னிக்கி, வெளிய வேலைக்குப் போற நாலு பேரு வூட்டுலயே உக்காந்துட்டாங்க. நான் ஒருத்தன் வாங்கின அடி இல்ல அது."

உடனே மனம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. என் மக்களை அவர் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. என்னை மாற்றியது அவர் பேச்சு அல்ல, என் வண்டியின் கண்ணாடி. டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பின்படி தெரியும். பொன்னுசாமி இழுத்து மாயவன் விழுந்த படி அதுதான். கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த முதல் நாளே மாயவன் அதில் எப்போதும்போல ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு வந்தார். ஆனால் அந்தக் கூட்டு ரோடு வருகிறபோது மட்டும், மறியல் முடிந்து எல்லாம் அடங்கி மாதக்கணக்கான பிறகும், உள்ளே ஏறி வண்டியின் நடுவில் போய் நின்றுகொள்வார். டிக்கெட் கிழிக்கிற மாதிரி குனிந்துகொள்வார். கூட்டு ரோடு தாண்டியதும் படிக்குத் திரும்புவார். தினமும் இரண்டு தடவை இதைப் பார்த்தேன். கை முறிந்த இடத்தில் இல்லாத பயம், ஓர் அறை விழுந்த இடத்தில் இருந்தது. இரண்டும் ஒன்று என்று அதற்குமேல் என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றேகால் வருடம் ஆனது. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரே செல்வராசு, பின்னால் என் மாமனார் ஊர்க்காரர்கள். மாயவன் தன் சாட்சியத்தை முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரா காலனியா என்று கேட்டதைச் சொன்னேன், ஒனக்குனு இல்லடா என்றதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இதைப் போலீஸ் விசாரணையில் சொன்னாயா என்றார். சொல்லவில்லை என்றேன். இன்ஜின் ஓடியதால் கேட்கவில்லை என்று சொன்னது நீதானே என்றார். ஆமாம், வண்டி ஆஃப் ஆகியிருந்தது, நான் பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார்.

"பயமா இருந்துச்சிங்க. எங்க ஆளுங்களுக்குக் கெட்ட பேரு வந்துடும்னு இருந்துச்சி."

அன்றைக்குச் சொன்னது பயத்தில் என்றால் இன்றைக்குச் சொல்கிற பொய் எந்தப் பயத்தில் என்று அவர் கேட்டபோது கோர்ட்டே சிரித்தது. நான் கூண்டிலிருந்து இறங்கினேன்.

தீர்ப்பில் அடித்தது நிரூபணமானது. அடித்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதை, ஒரே சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதால் ஏற்க முடியவில்லை என்று சொன்னார்கள். செல்வராசுவுக்குச் சின்ன அபராதம், கோர்ட்டு கலையும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தண்டனை. அவன் சாயங்காலம் டீ குடிக்க வெளியே வந்துவிட்டான். நான் முதல் தடவையே கேட்டதைச் சொல்லியிருந்தால் தீர்ப்பில் அந்த வரி இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் இதுவரை எழுத்தில் சொன்னதில்லை. மாயவனுக்குத் தெரியும்.

கோர்ட்டு வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தண்டனை அதிகமாகக் கிடைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தண்டனை ஜாஸ்தி வேணும்னு நான் என்னிக்கிக் கேட்டேன்? அவன் செஞ்சது இன்னா தப்புன்னு சரியா எழுதுங்கன்னுதான் கேட்டேன். எழுதல. ஆனா நீங்க சொன்னப்ப அவன் காதுல வுழுந்துச்சி, நான் பாத்தேன்" என்றார்.

"உங்களுக்கு அது போதுமாங்க?" என்று கேட்டேன். அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் நான் அவரை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. யோசித்துச் செய்யவில்லை, வாயில் அப்படி வந்துவிட்டது. "இன்னா டிரைவரே, ஒரே நாள்ல என் வயசக் கூட்டிட்டீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரை வேறு மாதிரி கூப்பிடவே இல்லை.

மாமனார் ஊரில் சில வருடம் எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. என் மனைவிக்கு அது பெரிய வருத்தம்தான். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் கோரிக்கை ஓரளவு நிறைவேறியது. அந்த ஒதுக்கீட்டில் என் மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. செய்தி கேட்ட அன்று மாயவன் கரியாலூரிலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கி வந்து என் மகன் கையில் கொடுத்தார். நன்றாகப் படி, உங்கப்பா இதற்காக ரொம்ப ஏங்கினார் என்று அவனிடம் சொன்னார்.

செல்வராசு பிற்பாடு எங்கள் வண்டியில் எத்தனையோ தடவை ஏறினான். மாயவன் எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவனுக்கும் டிக்கெட் கொடுத்தார். ஒரு முறை அவன் மனைவிக்கு மயக்கம் வந்தபோது முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார். அவனை மன்னித்துவிட்டீர்களா என்று ஓய்வு பெறுகிற வருடம் கேட்டேன். அவன் கேட்கவே இல்லையே என்றார். கேட்டால்? என்றேன். பொன்னுசாமி தன்னிடம் வந்து கேட்டார், தான் ஒருத்தனே அதற்குப் பதில் சொல்ல முடிந்தது, இவன் கேட்பதானால் தங்கள் தெரு முழுக்கக் கேட்க வேண்டும், தெருவுக்காகத் தான் மட்டும் எப்படிச் சொல்ல முடியும் என்றார். வெறுப்போடு சொல்லவில்லை. மேகத்தில் சாலை ஓரத்தைக் காலால் தடவுவாரே, அப்படி நிதானமாக இடம் பார்த்துச் சொன்னார்.

அடக்கத்தன்று அவர் தெருவில் நான் கடைசி வரைக்கும் இருந்தேன். பொன்னுசாமி உயிரோடு இல்லை, அவர் மகன் வந்திருந்தார். செல்வராசு வரவில்லை.

போன மாதம் திருக்கோவிலூரில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி முறைக்காரர் ஒருவர், எங்கேயோ ஓர் ஊர்த்தெரு வழியாக வண்டியில் போன காலனிப் பையனை நாலு பேர் அடித்துவிட்டார்கள், என்னவோ பசங்க சண்டை, அதைப்போய்ப் பெரிதாக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் இலையைப் பார்த்தபடியே கேட்டேன்: "அந்தப் பையனுக்கும் இவங்களுக்கும் முன்ன பின்ன பழக்கம் உண்டா?"

அதெல்லாம் கிடையாது என்றார்.

"அப்ப எதை வெச்சி சண்டைன்னு சொல்ற?"

எதிர் வரிசையில் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். யாரோ ரசம் கேட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மாயவன் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி. சொந்தக்காரர்கள் நடுவில் அதைக் கேட்கும்போது எனக்கு இன்னமும் குரல் நடுங்குகிறது. நடுங்கினாலும் கேட்டுவிடுகிறேன்.